சாவு வீட்டில் பொன்னாடை

ஐயம்பேட்டை,
ஞாயிறு, கோயில் விட்டு வந்து.

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் உன் தம்பி கமலும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த அயர்லாந்து மழையில் நனையாமல், இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் எங்கள் ஜெபம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் வலி வந்துவிடும், சைக்கிள் எடுக்கும்போது வராது. கமலுக்கு ஒரகடம் கம்பெனியில் மறுபடி ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், பகலெல்லாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான், பெண் பார்க்கப் போகலாமென்றால் அடுத்த மாதம் என்கிறான். மழை இந்த வருடம் விட்டுவைக்காமல் பெய்தது, பின்பக்கச் சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உரிகிறது. போன் இருக்கும்போது இதையெல்லாம் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், நீ 'சரிம்மா, டென்ஷன் ஆவாத' என்று சொல்லி வைத்துவிடுவாய். பக்கத்து வீட்டு டீச்சர் மகள் அடுத்த வாரம் உங்கள் ஊர்ப்பக்கம் வருகிறாள், பருப்புப்பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் அந்தப் படம். ஆரஞ்சு கோட்டு போட்டுக்கொண்டு, கையில் தாம்பாளத் தட்டோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை நீ உன் வாட்ஸப்பில் முகத்துக்குப் பதிலாக வைத்திருக்கிறாய், அதன்கீழே அம்மாவை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். உன்மேல் கோபமில்லை, உனக்கு எதுவும் தெரியாது. முதலில் அதை எடுத்துவிடு. கடிதத்தைப் படித்துவிட்டு எடுக்கலாம் என்று வைக்காதே, எடுத்துவிட்டு வந்து மீதியைப் படி.

நான் ரிட்டையர் ஆன பிறகு போதகர் ஜெபகுமாரோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும், என்ன செய்கிறேன் என்பது சரியாகத் தெரியாது. பிணவறைக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதன்கீழே உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான். விபத்து, தூக்கு, விஷம், தண்ணீரில் விழுந்தது என்று உடல் உள்ளே இருக்கும், வெளியே அதன் சொந்தக்காரர்கள் எங்கே போய் எந்தக் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பார்கள். முப்பத்தோரு வருடம் அந்த ஆஸ்பத்திரியில் வார்டு பெருக்கி, ஸ்ட்ரெச்சர் தள்ளின எனக்கு எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியும். கூடப் போவேன், டீ வாங்கிக் கொடுப்பேன், மயங்கி விழுந்தால் பிடித்துக்கொள்வேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து நீலாம்பாள் என்று ஒருத்தி வருகிறாள், நெசவுக்காரி, அவள் புருஷன் லாரியில் அடிபட்டு இறந்தபோது நாங்கள் பக்கத்தில் இருந்தோம், அந்த மாதத்திலிருந்து அவளும் எங்களோடு ஒருத்தி. போதகர் கேட்டால்தான் ஜெபம் செய்வார், கேட்காத வீட்டில் வாயே திறக்கமாட்டார், அதனால்தான் எல்லாச் சாதி ஜனமும் அவரைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டது. வியாழக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்துக்குப் போவோம். உடல்களை வெளியே எடுத்துக்கொண்டு வருகிற பையன்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களை யார் கேட்கிறார்கள். மனசுவிட்டுப் பேசு என்றெல்லாம் சொல்லமாட்டோம், போதகர் கேரம் ஆடுவார், நான் சுண்டல் கொண்டுபோவேன், பேசுகிறவன் பேசுவான்.

இதற்குள் நுழைந்தவன்தான் பாலாஜி. அறக்கட்டளை நடத்துகிறான், அடுத்த தேர்தலில் நிற்கிற யோசனை, அறக்கட்டளையின் பெயரை எழுதக்கூட எனக்குப் பேனா ஓடவில்லை. போன வருடம் எங்களுக்கு ஒரு ஐஸ் பெட்டி கொடுத்தான், ஏழை வீட்டில் உடலை ஒரு நாள் வைத்திருக்க உதவும், நல்ல காரியம்தான், போதகர் கண் கலங்கிவிட்டார். பெட்டியின் மூடியில் அவன் முகம். பிறகு இந்த ஆரஞ்சு கோட்டு வந்தது, முதுகு முழுக்க அவன் முகம், கைகூப்பிக்கொண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என் தோளில் சாய்ந்து அழும்போது அவள் கை தடவுவது பாலாஜியின் மூஞ்சியைத்தான். நான் அப்போதே கழற்றி எறிந்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டி வேண்டுமே என்று போட்டுக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் தென்னேரி ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போயிற்று. பிள்ளையார்பாளையத்து லோகாம்பாளின் மகன் குரு, இருபத்துநாலு வயது, ஒரே பிள்ளை, தகப்பன் இல்லை, அவனும் கூட்டாளிகளோடு போய் வழிகிற தண்ணீரில் இறங்கியிருக்கிறான். கால் வழுக்கி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று மாலை முழுக்கத் தீயணைப்புப் பையன்கள் தேடினார்கள், இருட்டியதும் நிறுத்திவிட்டார்கள், மறுநாள் மத்தியானம் விமல்ராஜ் என்கிற பையன்தான் முங்கி எடுத்தான். பிணவறை மரத்தடியில் லோகாம்பாளுக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளையத் தண்ணியில இருந்து தூக்கியாந்த தம்பிய ஒரு வாட்டி பாக்கணும்மா, ஒண்ணு கேக்கணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என்ன கேட்கவேண்டும் என்றேன், அந்தத் தம்பியிடம்தான் சொல்லுவேன் என்றாள்.

நான் போதகரிடம் சொன்னேன். போதகர் சூதுவாது தெரியாதவர், பாலாஜியிடம் சொன்னார். மறுநாளே பாலாஜி எனக்குப் போன் செய்து, அந்தத் தம்பியின் இனிஷியல் என்னம்மா என்று கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கே என்று சொன்னேன். இனிஷியல் கேட்கிறவன் ஷீல்டு அடிக்கத்தான் கேட்கிறான் என்று இத்தனை வயதுக்குத் தெரியவேண்டாமா எனக்கு.

உடல் அடக்கமான ஐந்தாம் நாள், இன்னும் காரியம்கூட ஆகவில்லை, லோகாம்பாள் வீட்டு வாசலில் பந்தல், நாற்காலி, மைக்செட். ஆறுதல் நிகழ்ச்சியாம். ஃப்ளெக்ஸில் குருவின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு, நடுவில் பாலாஜி, சோகமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சோகத்துக்கு ஸ்டுடியோவில் எத்தனை தரம் மூஞ்சியைத் திருப்பினானோ. உள்ளே தறியில் குரு பாதி நெய்த புடவை அப்படியே நிற்கிறது, அந்தத் தறிமேல் ஏறி நின்று ஒருவன் லைட் கட்டுகிறான். விமல்ராஜை ஏதோ அந்த அம்மா பார்க்கவேண்டும் என்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள். மேடையைப் பார்த்ததும் பையன் முகம் வெளுத்துவிட்டது. லோகாம்பாளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் கையில் ஒரு தாம்பாளத்தைக் கொடுத்தார்கள், அதில் சரிகைக் கரை வைத்த பொன்னாடை, பட்டு என்று பெயர், பட்டு அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் பொன்னாடை, கல்யாணத்துக்கு வந்தவனுக்கும் கவுன்சிலருக்கும் பொன்னாடை, அந்தப் பழக்கத்தில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. காரியம் முடியாத சாவு வீட்டில் புதுத்துணி எடுத்துப் போர்த்தினால் அதற்கு என்ன பெயர். கோடி. பிணத்துக்குப் போடுவோம், தாலி அறுத்தவளுக்கு அவள் அண்ணன் தம்பி போடுவார்கள். நாம் கிறிஸ்துவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் நம் வீட்டிலேயே அது விடவில்லை, உன் தாத்தா இறந்தபோது உன் மாமா எடுத்துவந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பாலாஜி அந்தத் துணியை எடுத்து உதறி, கேமராவைப் பார்த்துக்கொண்டே விமல்ராஜின் தோளில் போர்த்தினான். எனக்குப் பின்னால் நின்ற நீலாம்பாள்தான் முதலில் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த நேரம் பார்த்து மைக் நின்றிருந்தது. "இன்னாமா இது, உசுரோட நிக்கிற புள்ளைக்குக் கோடி போட்டுக்கினு இருக்கறாங்க." பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் படமெடுக்கிறவன் என்னைப் பார்த்து, அம்மா கொஞ்சம் சிரிங்க என்றான். நான் சிரித்தேன். சிரி என்றால் சிரித்துவிடுகிற வாய், பெரிய டாக்டர்களுக்கு முன்னால் முப்பத்தோரு வருடம் பழகின வாய். நீ வைத்திருப்பது அந்தப் படம்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. பாலாஜி லோகாம்பாள் கையில் மைக்கைத் திணித்து, தம்பிக்கு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்கம்மா என்றான். அவள் மைக்கைப் பார்த்தாள், விமல்ராஜைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள், சுற்றிலும் அத்தனை போனும் அவள் வாய்க்கு நேராக நீண்டதைப் பார்த்துவிட்டு மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள். விமல்ராஜ் அந்தத் துணியை எடுத்து மடித்தான், கரை கரையோடு சேர மடித்து, என் தட்டில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டான். பாலாஜி மைக்கை எடுத்து, தம்பி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சொன்னான், கைதட்டினார்கள். சாவு வீட்டில் கைதட்டினார்கள், பிரவீனா.

அன்று மாலையே போதகரோடு எனக்குப் பெரிய சண்டை. அந்தக் கோட்டை அவர் வீட்டு மேஜைமேல் போட்டுவிட்டு, இனி இதைப் போட்டால் என் பெயர் பொன்னியம்மாள் இல்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒரு ஏழைப் பிணம் எங்கேம்மா கிடக்கும் என்றார். மூடியில் இருக்கிற முகத்தைச் சுரண்டியாவது எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுரண்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி, பாதி மூக்கு போயிருக்கிறதாம்.

இரண்டு நாள் கழித்து விமல்ராஜின் மனைவி சங்கீதா போன் செய்தாள். வேலைக்குப் போகவில்லை, லீவு போட்டிருக்கிறான், ராஜினாமா எழுதி வைத்திருக்கிறான். கைக்குழந்தையைத் தூக்கமாட்டேன் என்கிறானாம், தோலுரிகிற வரைக்கும் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறானாம். "யாரோ அவருக்குக் கோடி போட்டுட்டாங்கன்னு எங்க மாமியார் அழுதுக்கினே இருக்கறாங்கமா, இவரு எதுவும் பேச மாட்றாரு" என்றாள். தட்டைப் பிடித்தவள் நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மறுநாள் நேரில் போய்ச் சொன்னேன். விமல்ராஜ் கேட்டுக்கொண்டான், சரிங்கமா என்றான், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் போனபோது சுவரைப் பார்த்தபடியே, "அந்தம்மா இன்னா கேக்கணும்னாங்க" என்று கேட்டான். எனக்குத் தெரியாது, உன்னிடம்தான் கேட்பாளாம் என்றேன். "எனக்குத் தெரியும். மொத நாளே ஏன் எடுக்கலன்னு கேப்பாங்க" என்றான். எதுவானாலும் நேரிலேயே கேட்டுக்கொள், நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

எப்படியோ மோப்பம் பிடித்து அன்றைக்கே பாலாஜி போன் செய்தான். நீங்கள் அவர்கள் இரண்டு பேரையும் மறுபடி சந்திக்கவைக்கப் போகிறீர்களாமே, நல்ல விஷயம், ஒரே ஒரு கேமராவை ஓரமாக அனுப்புகிறேன், மக்களுக்குப் பாசிட்டிவாக இருக்கும் என்றான். தம்பி, போனை வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நான் ஞானஸ்நானம் வாங்கினவள் என்பதை மறந்துவிடுவேன் என்றேன். வைத்துவிட்டான். அப்படிச் சொன்னது பாவம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை எனக்கு, அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை, கர்த்தர் புரிந்துகொள்வார்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்துமணிக்கு விமல்ராஜை ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டும் இல்லை, போதகரும் வரவில்லை, நானே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். லோகாம்பாள் தறிப்பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், எங்களைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். நீலாம்பாள் வாசலில் நின்றுகொண்டாள், தெருவில் ஒருவன் எட்டிப்பார்க்க வந்தபோது அவள் பார்த்த பார்வையில் போய்விட்டான். விமல்ராஜ் உட்காரவே இல்லை. நின்றபடியே மளமளவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். "மொத நாளு சாயங்காலம் அதே எடத்துல நான் முங்கினேன்மா. முள்ளுப் பொதரு தண்ணிக்கடியில இருந்துது, கையெல்லாம் முள்ளுதான் பட்டுது, ஒண்ணும் இல்லன்னு ஏறிட்டேன். மறுநா அதே முள்ளுலதான் மாட்டிக்கினு இருந்தாரு. இன்னும் ஒரு கை நீட்டியிருந்தா ராத்திரி முழுக்க அங்க கெடந்திருக்க மாட்டாரு." லோகாம்பாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது இல்லப்பா நான் கேக்க நெனச்சது" என்றாள்.

சாத்தின கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள். "ஆஸ்பத்திரியில மூட்டையா கட்டி, மொகத்த மட்டும் காட்னாங்க. கண்ணு மூடியிருந்துது. அவங்கப்பாரு போனப்ப கண்ண நான்தான் மூடுனேன், இவனுக்கு நான் மூடல. தண்ணியில போனவனுக்குக் கண்ணு தானா மூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. யாருப்பா மூடுனது." அவ்வளவுதான் அவள் கேட்க நினைத்தது, பிரவீனா. இதைக் கேட்கத்தான் ஒரு தாய் அத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இதற்குத்தான் நாங்கள் பந்தலும் மைக்செட்டும் கொண்டுபோனோம்.

விமல்ராஜ் அப்போதுதான் உட்கார்ந்தான். தரையில், அவளுக்கு எதிரில். "நான்தாம்மா" என்றான். "கரை முழுக்க ஜனங்க போன வச்சிக்கினு நிந்தாங்க. மேல கொண்டாந்தா படம் எடுப்பாங்கன்னு தெரியும். கண்ணு தொறந்துதான் இருந்துது. அதான் தண்ணிக்குள்ளயே வச்சி மூடிட்டேன். சட்டையக் கழட்டி மொகத்துல சுத்திட்டுதான் தூக்கியாந்தேன். உங்களக் கேக்காம செஞ்சிட்டேன்மா." லோகாம்பாள் அவன் பக்கம் நகர்ந்து வந்தாள். கழுவிக் கழுவித் தோலுரிந்து கிடந்த அவன் கைகளை எடுத்து, முதலில் ஒன்றை, பிறகு இன்னொன்றை, தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அப்படியே வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

நான் ஜெபம் பண்ணவில்லை, மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது வெந்நீர் சூட்டை உன் முழங்கையில் பார்த்துவிட்டு ஊற்று, அந்த ஊர்க் குழாயை நம்பாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். விமல்ராஜ் வியாழக்கிழமை நிலையத்துக்கு வந்தான், ராஜினாமாவை எழுதின தாள் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்று சங்கீதா சொல்கிறாள், அவனையும் லோகாம்பாளையும் உன் ஜெபத்தில் பேர் சொல்லி வைத்துக்கொள். கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் கண்மணியைப்போலக் காப்பாராக.

உன் அம்மா,
த. பொன்னியம்மாள்.